வீதியோரச் சிலையும் ஒன்பதாம் உறுப்புரையும்

வடக்கு, கிழக்கில் புதிதாக முளைக்கும் புத்தர் சிலைகள் பற்றி எழுதும்போதெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி வருகிறது: பௌத்தர்களுக்கும் வழிபடும் உரிமை இருக்கிறதுதானே? நிச்சயமாக இருக்கிறது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் அந்த உரிமையை எல்லோருக்கும் தருகின்றன.

சிக்கல் 9ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அது பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் அளித்து, பௌத்த சாசனத்தைப் பேணி வளர்ப்பதை அரசின் கடமையாக்குகிறது. முன்பு இப்படி இருக்கவில்லை. ஒரு மதத்தவருக்கு மட்டும் சலுகை வழங்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றுவதை சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு தடுத்தது. 1972ஆம் ஆண்டு யாப்பில் அந்தக் காப்பு போய், முதன்மைத்தானம் வந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பும் அதைத் தொடர்ந்தது.

நீதிமன்றக் கட்டளையை மீற 9ஆம் உறுப்புரை யாருக்கும் அனுமதி தரவில்லை. ஆனால் முல்லைத்தீவு நீராவியடியில் 2019 செப்டெம்பரில் நடந்ததைப் பாருங்கள். பிக்கு ஒருவரின் உடலை வேறிடத்தில் தகனம் செய்யுமாறு நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. ஞானசார தேரர் உள்ளிட்ட பிக்குகள் பிள்ளையார் கோயில் தீர்த்தக்கேணியின் அருகிலேயே எரித்தார்கள். பொலிஸார் அங்கு இருந்தும் கட்டளை நிறைவேறவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையிலிருந்த அதே தேரர், நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்திருந்தார்.

அரசையும் மதத்தையும் பிரிப்பது என்றால் வீதியிலிருந்து கடவுளை அகற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். நல்லூர்த் தேர் ஓடலாம், மடுவுக்கு யாத்திரை போகலாம், வெசாக் கூடு தொங்கலாம். காணி யாருடையது, அனுமதி யார் கொடுத்தது, சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கிறதா என்பவையே அரசு கேட்கவேண்டிய கேள்விகள். அதற்கு மேல் எந்த மதத்துக்கும் அரசு காவலாளாகக் கூடாது.

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், மன்னார் திருக்கேதீச்சர வீதியில் அமைக்கப்பட்ட வளைவைப் பிடுங்கியவர்களும் தமிழர்களே. சைவர், கத்தோலிக்கர் என்று பார்க்காத விதியை அங்கே ஏற்க நாம் தயாரில்லையென்றால், நீராவியடிக்காக நாம் கேட்கும் நீதி பாதியாகிவிடும்.