ஆல்ப்ஸ் மலையில் ராகு காலம்

டாவோஸ் என்றதும் நமக்குக் கோட்டு சூட்டு போட்ட தலைவர்கள் கூடும் பொருளாதார மாநாடுதான் ஞாபகத்துக்கு வரும். அது வருஷத்துக்கு ஒரு வாரம். அதே சுவிட்சர்லாந்து ஊரில் குளிர்காலம் முழுக்க, தினமும், இன்னொரு கூட்டம் நடக்கிறது. அங்கே கோட்டு சூட்டு கிடையாது. பேச்சும் ஒன்றே ஒன்றுதான்: நாளைக்கு எந்த மலையில் பனி சரியும்? எஸ்.எல்.எஃப் என்று மூன்றெழுத்தில் ஊரே அழைக்கும் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்தின் கூட்டம் அது. உள்ளே என்னதான் செய்கிறார்கள்? வாங்க, சத்தம் போடாமல் எட்டிப் பார்ப்போம்.

மத்தியானம். பணியில் இருக்கும் கணிப்பாளர்கள், பொதுவாக மூன்று பேர், ஆளுக்கொரு கணினி முன் உட்கார்ந்து ஆளுக்கொரு வரைபடம் வரைகிறார்கள். பக்கத்து நாற்காலியைப் பார்த்து எழுதக் கூடாது! முதலில் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும், பிறகு ஒன்றாக உட்கார்ந்து சண்டை போட வேண்டும். அதுதான் முறை. இப்போதெல்லாம் கணினி நிரலும் தன் பங்குக்கு ஒரு கணிப்பை நீட்டுகிறது. அதையும் விவாதத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அவர்களுக்கு முன்னால் குவிந்து கிடக்கும் விவரங்களைச் சொன்னால் தலை சுற்றும். மலையெங்கும் நட்டு வைத்த தானியங்கிக் கருவிகள் பனியின் உயரம், காற்று, வெப்பம் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அது போதாதென்று, கிராமங்களிலும் கணவாய்களிலும் ஏறக்குறைய 200 பார்வையாளர்கள். இன்று காலை எந்தச் சரிவில் எது விழுந்தது, காலடியில் பனியடுக்கு உள்ளே உட்காரும் ‘வும்’ சத்தம் கேட்டதா என்று இவர்கள் எழுதி அனுப்புகிறார்கள். ஊருக்கு மேலே 2,500 மீட்டர் உயரத்தில் வைஸ்ஃப்ளுயோக் என்ற இடத்தில் ஒரு பனித்திடல் இருக்கிறது. 1936 முதல் அங்கே பனியை அளந்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரை தெரியும்வரை குழி வெட்டி, பனியை அடுக்கடுக்காகப் படிக்கிறார்கள்.

அந்தக் குழிக்குள் நடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒவ்வோர் அடுக்கின் கடினத்தையும் அளக்க முதல் கருவி, கை! மூடிய முஷ்டி உள்ளே போனால் அந்த அடுக்கு மகா மென்மை. முஷ்டி போகாமல் நான்கு விரல் போனால் அதற்கடுத்த படி. பிறகு ஒற்றை விரல். விரலும் போகவில்லையா, பென்சில். பென்சிலும் முடியவில்லையா, கத்தி. கோடிக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கும் தேசத்தில், உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவுகோல் இதுதான். பிறகு ஒரு சிட்டிகைப் பனியைக் கோடு போட்ட தகட்டில் வைத்து, உருப்பெருக்கி வழியாகப் பார்க்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய குருணைகள் அடியில் தெரிந்தால் முகம் மாறிவிடும். மேலே இருக்கும் பாளம் மொத்தத்தையும் தாங்குவது அந்த ஒட்டாத குருணைதான்.

சாயங்காலம் 5 மணிக்கு அறிக்கை வெளியாகிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் என நான்கு மொழியிலும் ஒரே நேரத்தில்! மொழிபெயர்ப்பாளர் படையே இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அபாயத்தை விவரிக்கும் பகுதிக்கு ஒருவர்கூட இல்லை. கணிப்பாளர் தன் சொந்த வாக்கியத்தை எழுதவே முடியாது. முன்கூட்டியே நான்கு மொழியிலும் செதுக்கி வைத்த வாக்கியத் தொகுப்பிலிருந்து துண்டுகளைத் தேர்ந்து கோக்கிறார். மற்ற மொழிகள் தாமாகவே வந்து விழுகின்றன. எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் ஏற்பாடு. ஆனால் உயிர் போகிற விஷயத்தில் அழகான உவமை எதற்கு, சொல்லுங்கள்?

ஐரோப்பா முழுக்க அபாயத்துக்கு ஐந்து படிகள். ஐந்தாம் படிதான் ஆளைக் கொல்லும் என்று தோன்றும். இல்லை. சுவிஸ் பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறைய பாதி, மூன்றாம் படி நாட்களில் நடக்கிறது. நான்கு, ஐந்து என்றால் ஜனங்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றென்றால், ‘நடுவில்தானே இருக்கிறது, பார்த்துக்கலாம்’ என்று கிளம்பிவிடுகிறார்கள்.

சரி, வசந்தத்துக்கு வருவோம். மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்ததும் லிஃப்ட் இல்லாத மலைகளில் ஸ்கீ கட்டிக்கொண்டு ஏறுகிற பைத்தியம் பிடித்தவர்களுக்கு அதுதான் திருவிழாக் காலம். பிரான்ஸின் ஷமோனியில் தொடங்கி சுவிட்சர்லாந்தின் ட்ஸெர்மாட் வரை குடில் குடிலாகத் தங்கிப் போகும் புகழ்பெற்ற ‘ஓட் ரூட்’ பயணமும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். நடுக்குளிர்காலத்தில் ‘எந்தச் சரிவு?’ என்பது பெரிய கேள்வி. வசந்தத்தில் அதைவிடப் பெரிய கேள்வி, ‘எத்தனை மணிக்கு?’ காலை 7 மணிக்குக் கல்லாய்க் கிடக்கும் அதே சரிவு, மத்தியானம் 1 மணிக்கு ஆளோடு சேர்த்து இறங்கி வரும். நம் ஊர்க் காலண்டரில் ராகு காலம் போட்டிருப்பதுபோல, இந்த மலைக்கும் நேரம் குறிக்க வேண்டியிருக்கிறது. ஒரே வித்தியாசம், இது கிழமையைப் பார்த்து நகராது, வானிலையைப் பார்த்து நகரும். சரிவுக்குச் சரிவு மாறும்.

நேரம் குறிப்பது முந்தைய நாள் இரவே ஆரம்பமாகிவிடுகிறது. குடிலில் எல்லோரும் சூப் குடித்துக்கொண்டிருக்க, வழிகாட்டி மட்டும் வெளியே போய் வானத்தைப் பார்ப்பார். காதல் வயப்பட்டு அல்ல. நட்சத்திரம் தெரிகிறதா என்பதுதான் அவருக்குத் தேவை. மேகம் இல்லாத இரவில் பனி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. காற்றின் வெப்பம் சுழியத்துக்கு மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்து ஓடாகிவிடும்! மேகம் மூடியிருந்தால் அந்த வெப்பம் திரும்பக் கீழேயே வருகிறது, ஓடு உருவாகாது. வெப்பமானி பார்க்க நன்றாகவே இருக்கும், பனி மட்டும் உறைந்திருக்காது. வெப்பநிலை முன்னறிவிப்பை மட்டும் நம்பிக் கிளம்புகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். மேகமூட்டமான இரவுக்குப் பிறகு பயணத்தையே ரத்து செய்யும் வழிகாட்டியைக் கோழை என்று நினைத்தால் உங்களுக்குப் பனி தெரியாது என்று பொருள்.

இன்னொரு வேடிக்கை, சில வசந்தங்களில் சஹாரா பாலைவனத்துத் தூசு கடல் தாண்டி வந்து ஆல்ப்ஸில் படியும். வெள்ளைப் பனி ஆரஞ்சு நிறமாகிவிடும். படம் எடுக்கத் தூண்டும் அழகு. ஆனால் நிறம் மாறிய பனி வெயிலை அதிகம் உறிஞ்சி சீக்கிரமே உருகும். எங்கோ ஆப்பிரிக்காவில் அடித்த புழுதிக்காற்று, சுவிஸ் குடிலில் அலாரத்தை முன்னால் தள்ளி வைக்கிறது!

அடுத்து வரைபடம். சுவிஸ் அரசு வரைபடத்தில் சரிவின் கோணத்துக்கு வண்ணம் உண்டு. 30 டிகிரி தாண்டினால் மஞ்சள், 35 தாண்டினால் ஆரஞ்சு, 40 தாண்டினால் சிவப்பு, 45 தாண்டினால் ஊதா. இந்த வண்ணத்தையும் அபாயப் படியையும் சேர்த்துப் பார்க்கும் எளிய கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் சுவிஸ் வழிகாட்டி வெர்னர் முன்ட்டர்: இரண்டாம் படியென்றால் 40 டிகிரிக்குள் இரு, மூன்றென்றால் 35க்குள், நான்கென்றால் 30க்குள். அதோடு, வீட்டில் ஒரு முறை, மலையடிவாரத்தில் ஒரு முறை, குறிப்பிட்ட சரிவின் முன்னால் ஒரு முறை என நிலைமை, நிலம், கூட வரும் ஆள் மூன்றையும் மறுபடி மறுபடி எடைபோடச் சொன்னார். கூட வரும் ஆள் என்பதை அடிக்கோடிடுங்கள். ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், திரும்பிப் போறதா?’ என்று கேட்கும் ஆசாமி எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்.

வசந்தத்தில் வண்ணத்தைவிடத் திசைதான் அதிகம் பேசும். கிழக்குச் சரிவில் முதலில் வெயில் படும். பிறகு தெற்கு, பிறகு மேற்கு. அதனால் கிழக்குச் சரிவை எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்று எழுதி வைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, குடிலை விட்டுக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்கிறார்கள். சுவிஸ் ராணுவம் நடத்தும் பனியாற்றுப் பந்தயம் ட்ஸெர்மாட்டிலிருந்து வெர்பியே வரை 57 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஏப்ரலில் நடக்கும் அந்தப் பந்தயத்தில் வீரர்களை நெற்றி விளக்கோடு ராத்திரியிலேயே ஓட விடுவதற்கும் வெயில் ஒரு காரணம்.

விடியலுக்கு முன்பே குடில் வாசலில் ஒரு சின்னச் சடங்கு. எல்லோருடைய நெஞ்சிலும், பனியில் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸீவர் கருவி, 457 கிலோஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டிருக்கும். வழிகாட்டி சில அடி தள்ளி நிற்க, ஒவ்வொருவராகக் கடந்து போக வேண்டும். அவர் கருவி ‘பீப்’ என்றால்தான் அனுமதி. செல்போன் குறைந்தது 20 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், தேடும்போது 50 செ.மீ. முதுகுப்பையில் மண்வெட்டியும், பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கம்பியும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அரை மணி தாண்டினால் மிகக் குறைவு. ஹெலிகாப்டர் வரும்வரை கைகட்டி நிற்க முடியாது. கூட வந்தவர்தான் டாக்டர், ஆம்புலன்ஸ், எல்லாம்.

ஏறத் தொடங்கியதும் பெரிய சோதனை எதுவும் இல்லை. கால்தான் கருவி! ஸ்கீயைக் கழற்றிவிட்டு பூட்ஸோடு நின்று பார்ப்பார்கள். ஓடு தாங்கினால் நல்லது. கணுக்கால்வரை புதைந்தால் நேரம் நெருங்கிவிட்டது. அதற்கும் மேலே போனால், சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பு. பாறையடியிலிருந்து பனி உருண்டை உருண்டையாகத் தானே கீழே ஓடி வந்தால், அது மலை தரும் இலவச எச்சரிக்கை. உருகிய நீர் முதல்முறையாக உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் ஒட்டாத குருணையைத் தொடும் நாட்கள்தான் மிக மோசமானவை. அதனால்தான் பருவத்தின் முதல் வெக்கையலைக்குக் கணிப்பாளர்கள் அப்படி நடுங்குகிறார்கள்.

கணக்கு சரியாக வந்தால்? மேலோடு ஒரு விரல் பருமனுக்கு இளகி, அடியில் கெட்டியாக இருக்கும் அந்த அரைமணியில், ஸ்கீ வழுக்கிக்கொண்டு இறங்கும் சுகத்துக்கு ஈடே இல்லை என்கிறார்கள். மத்தியானத்துக்கு முன் குடில் திண்ணையில் கேக்கும் காபியும். மற்றவர்கள் அப்போதுதான் ஊரில் கடை திறந்துகொண்டிருப்பார்கள்.

ஆல்ப்ஸ் நமக்கெதற்கு என்று கேட்கலாம். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் பனிச்சரிவு விழுந்து சுற்றுலாப் பயணிகள் 7 பேர் இறந்தார்கள். நேரம், பகல் 12 மணி தாண்டி. அனுமதிச்சீட்டு செல்லும் எல்லைக்கு அப்பால் போயிருந்தார்கள். இமயமலைக்கும் பனிச்சரிவு அறிக்கை உண்டு, டி.ஆர்.டி.ஓவின் டி.ஜி.ஆர்.இ நிறுவனம் அதை வெளியிடுகிறது. ஏப்ரலில் மணாலி, குல்மர்க், சிக்கிம் என்று டிக்கெட் போட்டிருப்பவர்களே, அந்த அறிக்கையை முதல் நாள் இரவே பாருங்கள். பனிப்பகுதிக்கு விடியற்காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்புங்கள். ‘இதுக்கு மேல போகாதீங்க’ என்று உள்ளூர்க்காரர் சொல்லும் இடத்தில் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள்.