“இனி கூடை தூக்கலாமா?” புற்றுநோய் ஆபரேஷன் ஆன பெண்களுக்கு நல்ல சேதி!

விடிவதற்கு முன்பே காசிமேட்டில் மீன் ஏலம் சூடு பிடித்துவிடும். ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் போட்டு, தலையில் ஏற்றிக்கொண்டு பெண்கள் கிளம்பிவிடுவார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை என்று தெருத்தெருவாக நடை. அந்தக் கூடை இறங்கினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் நடந்தால்? உயிர் பிழைத்ததும் அடுத்த கவலை, “இனி கூடை தூக்க முடியுமா?”

கை வீங்கும் பயம்

“தண்ணிக் குடத்தைக்கூட தொடாதே, கம்முனு படு!” இது அக்கம்பக்கத்தார் புத்திமதி. டாக்டர்களும் பல காலம் இப்படித்தான் சொன்னார்கள். காரணம் உண்டு. அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டால், கையில் நீர் வடியும் வழி குறையும். கை வீங்கலாம். பாரம் தூக்கினால் வீக்கம் கூடும் என்று பயந்தார்கள்.

141 பெண்கள்

பயம் சரிதானா? அமெரிக்காவில் இப்படிக் கை வீங்கிய 141 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதியினர் ஓராண்டு, வாரம் 2 முறை எடை தூக்கினார்கள். 2009-ல் முடிவு வெளியானது. வீக்கம் கூடவில்லை! திடீரென்று வீக்கம் கிளம்பும் தொல்லை, எடை தூக்கியவர்களுக்கே குறைவு. பலமும் கூடியது.

அதற்காக முதல் நாளே முழுக் கூடையைத் தூக்கிவிடாதீர்கள். அந்தப் பெண்கள் கைக்கு இறுக்கமான உறை மாட்டி, பயிற்சியாளர் பார்வையில், சிறு எடையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள்.

நடையும் மருந்து

கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் மருந்தும் முடித்த 889 பேரிடம் இன்னொரு சோதனை. ஒரு பிரிவினருக்கு 3 ஆண்டு உடற்பயிற்சித் திட்டம்; பலருக்கு அது வேக நடைதான். மற்றவர்களுக்குப் புத்தகத்தில் அறிவுரை மட்டும். 2025-ல் வந்த முடிவு: 8 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், பயிற்சிப் பிரிவில் 100-க்கு 90 பேர், மற்றதில் 83 பேர்.

வாரம் 3 நாள், அரை மணி நேர நடை; 2 நாள் பலப் பயிற்சி. 2019-ல் நிபுணர்கள் சொன்ன அளவு இது. முடியாதவர்கள் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடக்கலாம். காய்ச்சல் இருந்தாலோ, நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

அடையாறுக்கோ ஸ்டான்லிக்கோ அடுத்த முறை போகும் தாய்மார்கள், மாத்திரைச் சீட்டோடு திரும்பிவிட வேண்டாம். “டாக்டர், எத்தனை கிலோ தூக்கலாம்?” என்று வாய் விட்டுக் கேளுங்கள். கூடை உங்களுடையது. கேட்க வெட்கம் என்ன?