1953-இல் எழுதிய ஒரு கடிதம்: பத்து பூத்தே யாருக்கு?

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு முனையில், காற்பந்துத் திடலைவிடச் சற்றே பெரிய ஒரு கற்பாறைத் தீவு இருக்கிறது. நீர் வற்றும்போது அளந்தால் நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். 1851 முதல் அங்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. மலேசியாவில் அதன் பெயர் பத்து பூத்தே. சிங்கப்பூரில் பெட்ரா பிராங்கா. மலாயிலும் போர்ச்சுகீசியத்திலும் பொருள் ஒன்றுதான்: வெள்ளைப் பாறை.

1979-இல் மலேசியா வெளியிட்ட வரைபடம் இத்தீவைத் தன் கடல் எல்லைக்குள் காட்டியது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. பல ஆண்டுகள் பேசியும் முடிவு வரவில்லை. 2003-இல் இரு நாடுகளும் புத்ராஜெயாவில் ஒப்பந்தம் செய்து, வழக்கை நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்திடம் கொண்டு சென்றன.

மாணவர்களே, இங்கே ஒப்பந்தம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊர் நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பினால் போய்த்தான் ஆக வேண்டும். ஒரு நாட்டை அப்படி இழுத்து வர முடியாது. ஏதேனும் ஒரு வகையில் அது முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். சம்மதித்தபின் தீர்ப்பு அதைக் கட்டுப்படுத்தும். மேல்முறையீடு கிடையாது. ஆனால், தீர்ப்பை நிறைவேற்ற அந்த நீதிமன்றத்திடம் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை!

அங்கு 15 நீதிபதிகள், ஒவ்வொருவருக்கும் 9 ஆண்டு பதவிக்காலம். தம் நாட்டவர் யாரும் அவர்களில் இல்லாததால் மலேசியாவும் சிங்கப்பூரும் ஆளுக்கொரு நீதிபதியை நியமித்துக்கொண்டன. ஒருவர் விலகியதால், வழக்கை விசாரித்தவர்கள் 16 பேர்.

தீவின் மூல உரிமை ஜொகூர் சுல்தானகத்துடையதே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதாவது, வரலாற்றில் மலேசியா வென்றது. பிறகு எங்கே சறுக்கியது?

1953 ஜூனில் சிங்கப்பூரின் காலனித்துவச் செயலாளர், அந்தப் பாறையின் நிலை என்ன என்று கேட்டு ஜொகூருக்கு எழுதினார். செப்டம்பர் 21-இல் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் அனுப்பிய பதில் மிகச் சுருக்கமானது: ஜொகூர் அதற்கு உரிமை கோரவில்லை. அப்படி விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை என்று மலேசியா வாதாடியது. விளக்கைப் பராமரிப்பவர் பாறைக்கு உரிமையாளர் ஆகிவிடுவாரா என்றும் கேட்டது. கேட்பதற்கு நியாயமான கேள்விதான். ஆனால், கடிதத்துக்குப் பிறகு நடந்தவையும் பேசின. அந்த நீர்ப்பகுதியில் நடந்த கப்பல் விபத்துகளைச் சிங்கப்பூர் விசாரித்தது. தீவுக்குச் செல்ல விரும்பிய மலேசிய அதிகாரிகள் அதன் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. மறுப்பு எழவில்லை. 1962 முதல் 1975 வரை வெளிவந்த மலாயா, மலேசிய அரசு வரைபடங்கள் சிலவற்றில் தீவின் பெயருக்குக் கீழே ‘சிங்கப்பூர்’ என்றே அச்சாகியிருந்தது.

1980-க்குள் உரிமை கைமாறிவிட்டது என்று 2008 மே 23-இல் 12-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அருகிலுள்ள மிடல் ராக்ஸ் பாறைகள் குறித்து அப்படிச் சிங்கப்பூர் எதுவும் செய்ததில்லை. அவை மலேசியாவுக்கே கிடைத்தன.

புதிய ஆவணங்கள் கிடைத்ததாகக் கூறி 2017-இல் மலேசியா மறுஆய்வு கோரியது. 2018 மே மாதம் புதிய அரசாங்கம் அமைந்தபின் அந்த மனு மீட்டுக்கொள்ளப்பட்டது.

நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் சவுத் லெட்ஜ் யாருக்கு? அது எந்த நாட்டுக் கடலில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கே என்றது நீதிமன்றம். கடல் எல்லைக் கோட்டை அது வரையவில்லை. வரையும்படி இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கேட்டிருக்கவில்லை.