எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

எட்ஸ்கர் வைபே டைக்ஸ்ட்ரா (மே 11, 1930 – ஆகஸ்ட் 6, 2002) நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். நிரலாக்கத்தைக் கணிதத்திற்கு இணையான கட்டுப்பாடு கொண்ட அறிவுத்துறையாக வளர்த்தெடுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். 1972 ஆம் ஆண்டு இவருக்கு டூரிங் விருது வழங்கப்பட்டது.

வாழ்க்கை

டைக்ஸ்ட்ரா ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியலாளர், தாய் கணிதம் கற்றவர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றபோதே, 1952 இல் ஆம்ஸ்டர்டாமிலுள்ள கணித மையத்தில் நிரலாளராகப் பணியில் சேர்ந்தார். நிரலாக்கம் அக்காலத்தில் மதிப்புள்ள துறையாகக் கருதப்படவில்லை. எனவே இயற்பியலிலேயே தொடர்வதா என்று இவர் தயங்கினார். அத்துறையை மதிப்புள்ளதாக ஆக்கும் பணியை நீங்களே ஏன் செய்யக்கூடாது என்னும் கருத்துப்படப் பேசி, இவரது மேலாளரான ஆட்ரியன் வான் வெயின்கார்டன் இவரை ஊக்குவித்தார். 1957 இல் திருமணப் பதிவின்போது தமது தொழிலை "நிரலாளர்" என்று இவர் குறிப்பிட்டார். அவ்வாறு ஒரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் மறுத்ததால் "கோட்பாட்டு இயற்பியலாளர்" என்றே பதிவாயிற்று. இதனைத் தமது டூரிங் விருது உரையில் இவரே கூறியுள்ளார்.

1962 இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். 1984 முதல் 1999 வரை அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பின்னர் தாயகம் திரும்பி, நூனென் என்னும் ஊரிலுள்ள தமது இல்லத்தில் காலமானார்.

மிகக்குறுகிய பாதைப் படிமுறை

1956 இல் ஆர்மாக் என்னும் புதிய கணினியின் திறனைப் பொதுமக்களுக்கு விளக்க இவருக்கு ஓர் எளிய கணக்கு தேவைப்பட்டது. இரு நகரங்களுக்கிடையே மிகக்குறுகிய வழியைக் கண்டறிவதே அக்கணக்கு. நெதர்லாந்தின் 64 நகரங்களைக் கொண்ட வரைபடத்தை இவர் பயன்படுத்தினார்; 64 நகரங்களைக் குறிக்க 6 பிட்டுகள் போதுமானவை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது, தாளும் எழுதுகோலும் இன்றி ஏறத்தாழ 20 நிமிடங்களில் இத்தீர்வை உருவாக்கியதாக இவர் கூறியுள்ளார். இது 1959 இல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்தது.

இம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அ–ஆ 4 கி.மீ., அ–இ 1 கி.மீ., இ–ஆ 2 கி.மீ., ஆ–ஈ 5 கி.மீ. எனக் கொள்வோம். அ விலிருந்து தொடங்கினால் மிக அருகிலுள்ளது இ. அதன் தொலைவு 1 என உறுதியாகிறது. இ வழியாகச் சென்றால் ஆ வின் தொலைவு 4 இலிருந்து 3 ஆகக் குறைகிறது. அடுத்து ஆ உறுதியாகிறது. அதன் வழியாக ஈ யின் தொலைவு 8 ஆகும். உறுதியாகாத ஊர்களுள் மிக அருகிலுள்ளதையே ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுப்பதால், அதற்கு வேறு குறுக்கு வழி இருக்க இயலாது: அவ்வழி அதைவிட அருகில் இல்லாத மற்றோர் ஊரைக் கடந்தே வரவேண்டும். தொலைவுகள் எதிர்ம எண்களாக இல்லாதவரை இது பொருந்தும். இணையத்தில் தரவுப் பொதிகளுக்கு வழிகாட்டும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறை இப்படிமுறையையே பயன்படுத்துகிறது.

இயங்குதளங்கள்

ஒரே நேரத்தில் இயங்கும் இரு நிரல்கள் ஒரே தரவை மாற்ற முயன்றால் பிழை நேரும். இதைத் தவிர்க்க, தொடர்வண்டிப் பாதையின் கைகாட்டியைப் போன்ற செமாபோர் என்னும் முறையை இவர் 1960களில் அறிமுகப்படுத்தினார். ஒரு நிரல் உள்ளே இருக்கும்போது மற்றது காத்திருக்கும். ஐந்தோவனில் இவரது குழு உருவாக்கிய இயங்குதளம் அடுக்கடுக்காக அமைக்கப்பட்டது. ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ள அடுக்குகளை மட்டுமே சார்ந்திருந்தது.

கட்டமைப்பு நிரலாக்கம்

1968 இல் "கோ டூ" கட்டளையைக் கண்டித்து இவர் எழுதிய கடிதம் பெரும் விவாதத்தை எழுப்பியது. அதன் புகழ்பெற்ற தலைப்பை இட்டவர் இதழாசிரியர் நிக்லாஸ் விர்த் ஆவார். நிரல் எங்கிருந்தும் எங்கும் தாவினால், ஒரு வரியை அடையும்போது மாறிகளின் நிலை என்ன என்பதைப் படிப்பவர் ஊகிக்க இயலாது என்பதே இவரது வாதம். சில இடங்களில் இக்கட்டளை பயனுள்ளது என்று டொனால்ட் நூத் 1974 இல் எழுதினார். லினக்சு கருவகத்தில் இன்றும் பிழை கையாளுதலுக்கு இது பயன்படுகிறது. ஆயினும் பைத்தான், ஜாவா போன்ற மொழிகளில் இக்கட்டளை இல்லை.

சோதனை பிழை இருப்பதைக் காட்டுமேயன்றி, பிழை இல்லை என்பதை நிறுவாது என்று இவர் வலியுறுத்தினார். எனவே நிரலையும் அதன் சரித்தன்மைக்கான நிறுவலையும் ஒருங்கே உருவாக்க வேண்டும் என்றார். பெரிய மென்பொருள்களில் இதனை முழுமையாகக் கடைப்பிடிப்பது கடினம். எனினும் பிழை உயிருக்கே ஆபத்தாகும் இடங்களில் இவ்வாதம் இன்றும் வலுவுடையது.

குறிப்புகளும் நினைவும்

தமது சிந்தனைகளை மைப்பேனாவால் கைப்பட எழுதி, நகலெடுத்து, நண்பர்களுக்கு அனுப்புவது இவரது வழக்கம். பெயரின் முதலெழுத்துகளால் இ.டபிள்யூ.டி. என எண்ணிடப்பட்ட இக்குறிப்புகள் 1,300க்கும் மேற்பட்டவை. பரவல் கணிமைத் துறையில் வழங்கப்படும் ஒரு விருது 2003 முதல் டைக்ஸ்ட்ரா பரிசு என்று அழைக்கப்படுகிறது.