103 வயதில் விஆர் கண்ணாடி! தெரியுமா?

விஆர் (மெய்நிகர் உலகம்) என்றால் சின்னப் பசங்க சமாச்சாரம் என்றா நினைக்கிறீர்கள்? தாத்தா பாட்டிகள் கலக்குகிறார்கள்!

★ அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் விஆர் கண்ணாடி மாட்டிப் பார்த்தவர்கள் 245 பேர். வயது? 65 முதல் 103 வரை! 10 மாநிலங்கள், 17 முதியோர் குடியிருப்புகள். கிட்டத்தட்ட 80 சதவீதம் பேருக்கு மனசு உற்சாகமாகிவிட்டது!

★ 1968-ல் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் செய்த தலைக்கருவியின் கனம் தெரியுமா? பாரத்தைத் தாங்கவும் தலை அசைவதை அளக்கவும் அதைக் கூரையிலிருந்தே தொங்கவிட்டார்கள்! இன்றைய மெட்டா குவெஸ்ட் 3 வெறும் 515 கிராம்! வயதான கழுத்துக்கு அதுவும் பாரம்தான். அதனால் பேட்டரியைப் பின்பக்கம் வைத்துப் பாரத்தைச் சமன்செய்யும் பட்டைகளும் வந்துவிட்டன!

★ பட்டன் அழுத்தத் தெரியாதா? கவலையே வேண்டாம்! 2016-ல் தொடங்கிய ரெண்டெவர் நிறுவனத்தின் முறையில், உதவியாளர் கையில் ஒரே ஒரு டேப்லெட். அதைத் தட்டினால் அத்தனை பேர் கண்ணெதிரிலும் ஒரே நேரத்தில் ஒரே ஊர்!

★ கண் மங்கலா? 2019-ல் வெளியான 'சீயிங்விஆர்' ஆய்வில் 14 உதவிக் கருவிகள்! எழுத்தைப் பெரிதாக்கும், பொருளின் விளிம்பைப் பளிச்சென்று காட்டும், எழுத்தை வாசித்தும் சொல்லும். மூக்குக் கண்ணாடியில் கீழே படிக்க ஒரு பகுதி இருக்குமே, அந்த பைஃபோகல்கூட விஆருக்குள்ளேயே உண்டு!

★ தலைசுற்றல் ஏன் வருகிறது தெரியுமா? தலையைத் திருப்பியதும் காட்சியும் உடனே திரும்ப வேண்டும். 20 மில்லி நொடிக்கு மேல் பிந்தினாலே மூளை கண்டுபிடித்துவிடும், தலையும் சுற்றலாம்! உட்கார்ந்தபடி, கொஞ்ச நேரம் மட்டும் பார்ப்பது நல்லது.

★ விஆர் கீழே விழுவதைக்கூடக் குறைக்குமா? குறைக்கும்! ஐந்து நாடுகளில் 60 முதல் 90 வயது வரையுள்ள 302 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வு 2016-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. டிரெட்மில்லில் நடக்க வேண்டும். எதிரே திரையில் தங்கள் கால்களே தெரியும், குறுக்கே தடைகள் வரும், தாண்ட வேண்டும்! ஆறே வாரப் பயிற்சி. அடுத்த ஆறு மாதங்களில், விஆரோடு பயிற்சி பெற்றவர்கள் விழுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது!

★ 1953-க்குத் திரும்பிப் போக முடியுமா? லண்டனில் 'வேபேக்' குழுவினர், எலிசபெத் ராணி முடிசூடிய நாளின் தெருக் கொண்டாட்டத்தை மறுபடி நடத்தி 360 டிகிரியில் படமெடுத்தார்கள். யாருக்காக? மறதி நோயுள்ள முதியவர்களுக்காக!

★ 2030-ல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதைத் தொட்டவராக இருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம்! கருவி செய்பவர்களே, அவர்களை மனதில் வைத்துச் செய்யுங்கள்!

உங்கள் வீட்டில் விஆர் இருக்கிறதா? பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, எந்த ஊர் பார்க்க ஆசை என்று கேட்டு, இன்றைக்கே மாட்டிவிடுங்கள்!