தொட்டிலருகே ஒரு காவற்காரன்



"மானிட்டர் வாங்கத்தான் போன வருஷமே காணிக்கை அனுப்பினோமே, இப்போது சென்சாருக்கென்று மறுபடியும் கேட்கிறீர்களே?" என்று ஆதரவாளர் ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் அந்தக் கருவி வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் பதில் விளங்கும்.

மானிட்டர் பெட்டிக்குச் சுயமாக ஒன்றும் தெரியாது. பக்கவாட்டுத் துளைகளில் செருகப்படும் சென்சார்களே அதற்குக் கண்ணும் கையும். குழந்தையின் பாதத்தில் சுற்றும் சென்சார், சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் சதைக்குள் செலுத்தி, இரத்தத்தில் ஆக்ஸிஜன் நூற்றுக்கு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கணக்கிடும். ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1974-இல் வெளியிட்ட வழி இது. ஊசி குத்த வேண்டியதில்லை.

மற்றொரு துளை கூடுதல் இணைப்புக்கானது. அதில் தோலின் வெப்பத்தை அறியும் சென்சாரைச் செருகுகிறோம். குறைமாதக் குழந்தையின் உடலில் கொழுப்பு குறைவு; சூடு சீக்கிரம் போய்விடும். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் காக்க வேண்டும். அந்தச் சிறிய சென்சாரை வயிற்றின் வலப்பக்க மேற்புறத்தில் ஒட்டுவார்கள். எலும்பின்மேல் ஒட்டலாகாது, குழந்தை அதன்மேல் படுத்திருக்கவும் கூடாது. செருகினால் மட்டும் போதாது. சில கருவிகளில் அந்த இணைப்புக்குரிய அலாரத்தைத் தனியாக 'ஆன்' செய்யாவிட்டால், எண் திரையில் ஓடிக்கொண்டிருக்கும், குழந்தை குளிர்ந்துபோனாலும் சத்தம் வராது.

அலாரத்தின் எல்லைகளை வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. பச்சிளங்குழந்தையின் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 120 முதல் 160 வரை இருப்பது இயல்பு. பெரியவர்களுக்கான செட்டிங்கில் மேலெல்லை 120 என்றிருந்தால் இரவெல்லாம் வீண் சத்தம். கீழெல்லை 50 என்றிருந்தாலோ அதைவிட மோசம்: துடிப்பு 70-க்கு இறங்கி உயிர் ஊசலாடும்போதும் கருவி வாய் திறக்காது.

ஆக்ஸிஜன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நமக்குத் தோன்றும். 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் மேல்நாடுகளில் அப்படித் தாராளமாகக் கொடுத்து, ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தார்கள். குறைத்துக் கொடுத்தாலும் ஆபத்து. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அளவை 85-89 சதவீதத்தில் வைத்த குழந்தைகளிடையே மரணம் அதிகம். 91-95இல் வைத்தவர்களிடையே கண் பாதிப்பு அதிகம். எனவே ஆக்ஸிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு 90-95 என்ற குறுகலான பாதையே இப்போது பெரும்பாலும் கைக்கொள்ளப்படுகிறது. அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் மணி அடிக்க வேண்டும். ஆனால் வெறும் அறைக்காற்றைச் சுவாசிக்கும் குழந்தைக்கு 98, 99 இருப்பது இயல்பு. அதற்கு மேலெல்லை அலாரம் தேவையில்லை, அணைத்துவைப்பார்கள். அதே குழந்தைக்கு நடுராத்திரியில் மறுபடி ஆக்ஸிஜன் வைக்க நேர்ந்தால், அந்த நிமிஷமே அதைத் திறக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தபின் பழைய செட்டிங்குக்கே திரும்பிவிடும் கருவிகளும் உண்டு. ஆகவே ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் சிஸ்டர்மார் எண்களைச் சத்தமாக வாசித்துச் சரிபார்க்கிறார்கள்.

எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தில் எக்காளம் ஊதாத காவற்காரனைப் பற்றி வாசிக்கிறோம். காரணமின்றி நாழிகைக்கொருதரம் ஊதுகிறவனைப் பற்றி அங்கே சொல்லப்படவில்லை. ஊரார் அவனுக்கும் எழுந்திருக்கமாட்டார்கள். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பான 98 சம்பவங்கள் தன்னிடம் அறிவிக்கப்பட்டதாகவும், அவற்றில் 80 மரணத்தில் முடிந்ததாகவும் 2013-இல் வெளியிட்டது. ஓயாத சத்தத்துக்குக் காது பழகிப்போவதும், அலாரத்தை அணைத்துவைப்பதும் அது சொன்ன காரணங்களில் அடங்கும்.

வீண் அலாரத்துக்கு ஒரு முக்கிய காரணம் தேய்ந்த சென்சார். குழந்தைகள் கால் உதைக்கிறார்கள்; ஒவ்வொரு குழந்தைக்குப் பின்னும் துடைத்துச் சுத்தம் செய்கிறோம்; சில மணிக்கொருமுறை இடம் மாற்றி ஒட்டுகிறோம். வெளியே பார்த்தால் முழுசாயிருக்கும் வயர் உள்ளே இற்றுப்போயிருக்கும். மணி அடிக்கும், சிஸ்டர் ஓடிவந்து பார்த்தால் குழந்தை சுகமாய்த் தூங்கும். பக்கத்திலிருக்கும் தாய்க்கோ ஈரக்குலை நடுங்கும். ஜெபிக்கும்படி எங்களை அழைப்பதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். நாங்கள் ஜெபிக்கிறோம், வயரையும் மாற்றச் சொல்கிறோம்.

பெட்டி பல வருஷம் உழைக்கும். வயர் அப்படியல்ல. இம்முறை கேட்டிருக்கும் காணிக்கை அந்த வயர்களுக்காகவே.