போல்ட்டை எப்போ இறுக்கணும்?

போன எபிசோட்ல சொன்ன 'டொக் டொக்' சத்தம் ஞாபகம் இருக்கா? முன்பக்க கன்ட்ரோல் ஆர்மை வீட்டு டிரைவ்வேயிலேயே மாற்றினேன். கனடா ரோட்டு உப்பில் துருப்பிடித்த பழைய போல்ட்டைக் கழற்றவே ஒரு சனிக்கிழமை போச்சு. நாலே மாசத்தில் அதே சத்தம். புது புஷ்ஷிங் ரப்பர் கிழிந்திருந்தது.

தப்பு என்னுடையதுதான். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசா இறுக்கிவிட்டேன். இந்த ரப்பர், பேரிங் மாதிரி சுழலாது. உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருப்பதால் முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுக்கியபடியேதான் இருக்கும்.

இந்த முறை, காரைத் தூக்கும் முன்பே சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்துகொண்டேன். கார் ஸ்டாண்டில் நிற்க (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீங்க, ப்ளீஸ்), இன்னொரு ஜாக்கால் ஆர்மை அதே அளவுக்கு உயர்த்தினேன். அப்புறம்தான் டார்க் ரெஞ்சையே கையில் எடுத்தேன். மறுநாள் வீல் அலைன்மென்ட்.